நரம்புக்குள் வைக்கும் கருவிகள்: வீட்டுக்கு வீடு என்னிடம் கேட்ட கேள்விகள்

நான் திருகோணமலையில் இயன்மருத்துவர். வைத்தியசாலை வேலை முடிந்த பின்னேரங்களில் உப்புவெளி, நிலாவெளி, சீனன்குடா, பாலம் தாண்டிக் கிண்ணியா, மூதூர் என்று வீடுகளுக்குப் போவேன். போகிற இடமெல்லாம் யாராவது ஒருவர் போனை நீட்டி அதே வீடியோவைக் காட்டுவார்கள். இடுப்புக்குக் கீழே அசைவில்லாத ஒருவர் எழும்பி நடக்கிறார். பிறகு என் முகத்தைப் பார்ப்பார்கள். அந்தப் பார்வைக்கு ஐந்து நிமிடத்தில் பதில் சொல்லிவிட முடியாது. ஒரு கொப்பியில் கேள்விகளைக் கேட்டபடியே எழுதி வைத்தேன். பதில்கள் இங்கே.

"மிஸ், மூளைக்குள்ள சிப் வச்சா நடக்கலாமாமே? மெய்யா?"

ஒருவர் நடந்தார் என்பது மெய். அந்த வீடியோவில் இருப்பவர் நெதர்லாந்துக்காரர், சைக்கிள் விபத்தில் கழுத்துப் பகுதியில் முண்ணாண் (முதுகெலும்புக்குள் ஓடும் நரம்புத்தண்டு) அடிபட்டவர். சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் கிரெகுவார் கூர்த்தின், ஜொசலின் புளொக் ஆகியோரின் குழு அவருக்குச் செய்ததை 2023 மே மாதம் வெளியிட்டது. தலையின் இரண்டு பக்கத்திலும் மண்டையோட்டை வட்டமாக வெட்டி, 64 மின்வாய்கள் (மின்சாரத்தைப் பிடிக்கும் சிறு முனைகள்) உள்ள தட்டு ஒவ்வொன்றைப் பதித்தார்கள். அவை மூளையைக் குத்துவதில்லை. அதை மூடியிருக்கும் சவ்வின்மேல் இருந்துகொண்டு, கால் அசைக்க நினைக்கும்போது எழும் மின்சாரத்தை ஒட்டுக் கேட்கின்றன. முதுகில் மாட்டிய கணினி அதைப் பிரித்தறிந்து, நாரியில் முண்ணாணுக்கு மேல் வைத்த இன்னொரு கருவிக்குச் சொல்கிறது. அது காலுக்குப் போகும் நரம்பு வேர்களைத் தூண்டுகிறது.

போனில் தெரியாத விசயங்களும் உண்டு. அவருடைய முண்ணாண் முழுதாக அறுபடவில்லை. இதற்கு முன்பே நாரிக் கருவியோடு நெடுங்காலம் பயிற்சி எடுத்தவர். ஊன்றுகோல் பிடித்துத்தான் நடக்கிறார். எனக்குப் பிடித்த பகுதி என்னவென்றால், பயிற்சிக்குப் பிறகு கருவியை நிறுத்தியபோதும் ஊன்றுகோலோடு கொஞ்சம் நடந்தார். அறுபடாமல் மிஞ்சிய இழைகள் வேலை பழகியிருக்கின்றன.

"நரம்பு அறுந்தா ஒட்ட ஏலாதா? வயர் மாதிரித்தானே?"

வயர் இல்லை, உயிருள்ள கலத்தின் வால் அது. நாரியில் இருக்கும் ஒரு கலத்தின் வால் கால்விரல் வரை ஒரு மீற்றர் போகும். அதில் மின்சாரம் செம்புக் கம்பியில் ஓடுவதுபோல ஓடாது. கரைவலை இழுக்கும்போது ஒருவர் கைவிட்ட இடத்தில் அடுத்தவர் பிடிக்கிறாரே, அப்படி இடத்துக்கு இடம் புதிதாகக் கிளம்பிப் போகும். நடுவில் ஒரு துண்டு செத்தால் அதோடு நின்றுவிடும்.

கை கால்களில் உள்ள நரம்பு அறுந்தால், கலத்தின் தலை உயிரோடு இருந்தால், வால் திரும்ப வளரும். நாளுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர். தோளில் அறுந்தது 60 சென்ரிமீற்றர் தள்ளியிருக்கும் விரலுக்கு வர 600 நாள் பிடிக்கும். மூளையிலும் முண்ணாணிலும் இந்த வளர்ச்சி நடப்பதில்லை. அடிபட்ட இடத்தில் தழும்பு எழும்பி வழியை அடைக்கிறது, சுற்றியுள்ள கலங்களும் வளரவிடாத பொருட்களைச் சுரக்கின்றன. இப்போது இருக்கும் எந்தக் கருவியும் இதை ஒட்டவைப்பதில்லை. எல்லாம் சுற்றுவழி போடுகிற வேலைதான்.

"அப்ப உள்ளுக்கு வைக்கிற சாமான் என்னதான் செய்யுது?"

இரண்டு வேலை. ஒன்று கேட்பது, மற்றது சொல்வது. சில கருவிகள் ஒன்றை மட்டும் செய்யும், லோசானில் வைத்தது இரண்டையும் செய்தது.

சொல்வது என்றால் நரம்புக்குச் சின்ன மின்துடிப்புக் கொடுப்பது. நரம்பு அதைத் தன்னுடைய சொந்தச் செய்தி என்று எடுத்துக்கொண்டு அனுப்பிவிடும். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஒரே திசையில் மின்சாரம் கொடுத்துக்கொண்டிருந்தால் மின்வாயைச் சுற்றி இரசாயன மாற்றம் நடந்து இழையம் வெந்துவிடும். ஆகவே ஒவ்வொரு துடிப்பிலும் போன அளவைத் திருப்பி எடுத்துவிடுவார்கள், போக்கும் வரவும் சமம். மின்வாய்க்கு பிளாற்றினம், இரிடியம் போன்றவற்றைப் பாவிப்பதும் அவை இலேசில் கரையாது என்பதால்தான். கடையில் விற்கும் மசாஜ் மெஷினின் ஒட்டுத்துண்டுக்கும் இதற்கும் தூரத்து உறவு மட்டும்தான் என்பதை, அதை முண்ணாணில் ஒட்டிப் பார்த்த ஒரு மாமாவுக்காக இங்கே எழுதி வைக்கிறேன்.

"இதெல்லாம் வெள்ளைக்காரன்ட ஊரிலதானே? எங்கட ஊரில ஆருக்கும் வச்சிருக்கோ?"

வைத்திருக்கிறது, நீங்கள் கவனிக்கவில்லை. காதுக்குப் பின்னால் வட்டமாக ஒன்று ஒட்டியபடி பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளைக் கண்டிருப்பீர்கள். கொக்கிளியர் கருவி, காது கேளாதவர்களுக்கு உட்காதில் வைப்பது. நரம்புக்குள் பேசும் கருவிகளில் இதுதான் மூத்தது, இதுவரை வந்தவற்றில் மிகவும் வென்றதும் இதுதான். 1957இல் பாரிஸ் நகரில் ஜூர்னோ, எய்ரியேஸ் என்ற இருவர் செவி நரம்பை முதலில் மின்சாரத்தால் தூண்டினார்கள். 1978இல் மெல்பேர்ணில் கிரேம் கிளார்க் பல மின்வாய்கள் உள்ள கருவியை ஒருவருக்குப் பொருத்தினார். இன்று உலகத்தில் பத்து இலட்சத்துக்கு மேல் பொருத்தியாகிவிட்டது. இலங்கையிலும் செய்கிறார்கள்.

உவர்மலைப் பக்கம் ஒரு சின்னவள் இருக்கிறாள். வெளி வட்டத்தில் காந்தம் இருப்பதால், ஓடி விளையாடும்போது அது கழன்று இரும்பு அலுமாரியில் போய் ஒட்டிக்கொள்ளும். அம்மா தேடுவாள், இவள் சிரிப்பாள். கடலில் குளிக்கும்போது கழற்றி வைத்துவிட்டால் உலகம் அமைதியாகிவிடும் என்று கையைக் காட்டிச் சொன்னாள்.

காதில் ஒலியை உணரும் உள் மயிர்க்கலங்கள் ஏறக்குறைய 3,500. கருவியில் மின்வாய்கள் பெரும்பாலும் 12 முதல் 22 வரை. இவ்வளவு குறைவான சத்தத்திலிருந்து மூளை பேச்சைக் கட்டியெழுப்பப் பழகுகிறது. சின்ன வயதில் வைத்தால் பழக்கம் இலகு. கருவி வைத்த அன்றே காது கேட்டுவிடும் என்று நினைத்து, பயிற்சிக்குப் போகாமல் விட்ட குடும்பங்களையும் பார்த்திருக்கிறேன். கருவி அலுமாரிக்குள் போய்விடுகிறது.

"எங்கட வாப்பாக்குப் பாரிசவாதம். வலது கை தூக்க ஏலா. இது சரிவருமா?"

பாரிசவாதத்தில் கைக்குப் போகும் நரம்பு கெடவில்லை, மூளையில் அதை ஆளும் பகுதி கெட்டிருக்கிறது. இதற்கென ஒரு கருவியை அமெரிக்கா 2021இல் அனுமதித்தது. நெஞ்சில் தோலுக்குக் கீழ் ஒரு பெட்டி, மூளையிலிருந்து கழுத்து வழியாக இறங்கும் வேகஸ் நரம்பைச் சுற்றி ஒரு கம்பி. கைப்பயிற்சி செய்யும் ஒவ்வொரு தடவையும் சிகிச்சையாளர் பொத்தானை அமத்த, அந்த நரம்பு மூளைக்கு "இதைக் கவனி" என்பதுபோல ஒரு தட்டுத் தட்டும். 108 பேரில் சோதித்தார்கள். கருவி தூண்டியவர்களில் ஏறக்குறைய அரைவாசிப் பேருக்கு நல்ல முன்னேற்றம், தூண்டாதவர்களில் கால்வாசிப் பேருக்கு.

அந்தக் கால்வாசியைத்தான் கவனிக்கச் சொல்வேன். அவர்களுக்கும் கருவியை உள்ளே வைத்தார்கள், ஆனால் உரிய தூண்டல் கொடுக்கவில்லை. அவர்களுக்கு வந்தது பயிற்சியால். பாரிசவாதம் வந்து பல வருடம் போனவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். வாப்பாவின் கையைத் தலையணையில் வைத்துவிட்டு எல்லாரும் ரிவி பார்க்கப் போகாதீர்கள்.

"சீனி வருத்தத்தில கால் விறைச்சுக் கிடக்கு. அதுக்கும் மெஷின் இருக்கோ?"

எரிவுக்கும் வலிக்கும் இருக்கிறது, 2021இல் முண்ணாண் தூண்டும் கருவிகளுக்கு அமெரிக்கா அந்த அனுமதியையும் கொடுத்தது. செத்துப்போன உணர்ச்சியைத் திருப்பித் தரும் என்று நம்பி அதை வைக்க முடியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் கோணேசர் கோயில் வழியில் வெறுங்காலோடு ஏறி, வீட்டுக்கு வந்தபிறகு பாதத்தில் கொப்புளம் கண்டவர்கள் என்னிடம் வந்திருக்கிறார்கள். சாமி கோவிக்க மாட்டார், வெயில் தாழப் போங்கள். இரவில் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பாருங்கள்.

"மோட்டார் சைக்கிள்ல விழுந்து தம்பிட கை தோளில இருந்து தொங்குது. சிப் வரும்வரைக்கும் பாத்துக்கொண்டிருக்கட்டோ?"

வேண்டாம். இந்தப் பக்கத்தில் வேறு எதையும் வாசிக்காவிட்டாலும் இதை வாசியுங்கள். தலை ஒரு பக்கமும் தோள் மறு பக்கமும் இழுபட்டு, கழுத்திலிருந்து கைக்குப் போகும் நரம்புக் கட்டு கிழிந்திருக்கிறது. நரம்பு வளரும் வேகத்தை மேலே சொன்னேன். இதில் இன்னொரு கணக்கும் ஓடுகிறது. நரம்பு வராத தசை ஒன்றரை வருடத்துக்குள் நரம்பை ஏற்கும் தன்மையை இழந்துவிடும். நரம்பு வந்து சேரும்போது கதவு பூட்டியிருக்கும்.

இதற்குச் சத்திரசிகிச்சை இருக்கிறது. 1994இல் ஒபெர்லான் என்ற பிரெஞ்சு வைத்தியர் ஒரு வழி காட்டினார். சின்னவிரல் பக்கம் போகும் நல்ல நரம்பிலிருந்து ஒரு சிறு இழைக்கட்டைப் பிரித்து, முழங்கையை மடக்கும் தசையின் நரம்போடு பக்கத்திலேயே தைப்பது. தூரம் குறைவு, ஆகவே நேரமும் குறைவு. ஆறு மாதத்துக்குள் செய்தால் பலன் கூட. எனக்குத் தெரிந்த ஒரு பொடியன் பதினான்கு மாதம் எண்ணெய் பூசிக்கொண்டிருந்துவிட்டு வந்தான். பூசியவர் நல்ல மனுசன், எண்ணெயும் நல்ல எண்ணெய். தசை போய்விட்டது.

"பக்கத்து வீட்டுப் பொடியனுக்குக் கால் தானாத் துடிக்குது. எங்கட ஆளுக்குத் துடிக்கேல்ல, தொளதொளவெண்டு கிடக்கு. ஆருக்கு நல்லது?"

கொப்பியிலேயே புத்திசாலித்தனமான கேள்வி இது, ஒரு படகோட்டியின் மனைவி கேட்டது. துடிப்பு எல்லாருக்கும் தொல்லை. இரவில் நித்திரை இல்லை, கதிரையிலிருந்து வழுக்கி விழுகிறார்கள். ஆனாலும் அது ஒரு செய்தி சொல்கிறது: அடிபட்ட இடத்துக்குக் கீழே முண்ணாணும், அதிலிருந்து தசைக்குப் போகும் நரம்பும் உயிரோடு இருக்கின்றன. மேலிருந்து கட்டளை வராததால் தன்பாட்டில் ஆடுகின்றன. கருவிகள் தட்டி எழுப்புவது இவற்றைத்தான்.

இறக்கக்கண்டிப் பக்கம் சங்கு குளிக்கப் போய், ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்து, இரத்தத்தில் காற்றுக் குமிழி கட்டிக் கால் விழுந்தவர்கள் இருக்கிறார்கள். உடனே கடற்படைத் தளத்தில் காற்றமுக்கத்தைக் கூட்டிச் சிகிச்சை செய்யும் அமுக்க அறைக்குக் கொண்டுபோனால் சிலருக்குத் திரும்பும். நேரம் போனால் அடி பெரும்பாலும் நெஞ்சு மட்டத்து முண்ணாணில் நிற்கும், கால் துடிக்கும். மரத்திலிருந்து விழுந்து நாரி உடைந்தவர் கதை வேறு. முண்ணாண் நாரியின் மேற்பக்கத்திலேயே முடிந்துவிடுகிறது, அதற்குக் கீழே இருப்பது நரம்புக் கட்டு. அது நசிந்தால் தசைக்குப் போகும் கடைசி நரம்பே போய்விட்டது. லோசான் வகைக் கருவிக்கு அங்கே தட்டக் கதவு இல்லை. அந்தப் படகோட்டி இந்த வகை. அவர் மனைவியிடம் இதைச் சொல்ல எனக்கு இரண்டு நாள் எடுத்தது. அவருக்கு இருக்கிற ஒரு வாய்ப்பு, கட்டு நரம்புகள் கை கால் நரம்பு இனத்தைச் சேர்ந்தவை என்பது. ஓரளவு தாமாக வளர இடமிருக்கிறது.

"நடக்கிறதை விடுங்கோ மிஸ். மூத்திரத்துக்கு ஒரு வழி இருந்தாச் சொல்லுங்கோ."

இதை எல்லாரும் வெளியே வந்து, படலையடியில் வைத்து, குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. 2004இல் கிம் ஆண்டர்சன் என்ற ஆய்வாளர், அவரும் முண்ணாண் அடிபட்டவர்தான், 681 பேரிடம் எது முதலில் திரும்ப வேண்டும் என்று கேட்டார். கழுத்தில் அடிபட்டவர்கள் கையைச் சொன்னார்கள். கீழே அடிபட்டவர்கள் தாம்பத்தியத்தைச் சொன்னார்கள். இருபகுதியாருக்கும் மூத்திரமும் மலமும் பெரிய விசயம். நடை முதலிடத்தில் இல்லை. வீடியோ எடுக்கிறவர்களுக்குத்தான் நடை முதலிடம்.

வழி இருக்கிறது. இலண்டனில் ஜைல்ஸ் பிரின்ட்லி 1970களின் கடைசியில் ஒரு கருவி வைத்தார். இடுப்பு நரம்பு வேர்களைத் தூண்டி, கையில் பிடித்த பெட்டியின் பொத்தானை அமத்தினால் மூத்திரப்பை சுருங்கும். ஆயிரக்கணக்கானோருக்கு வைத்தார்கள். ஆனால் விலை ஒன்று உண்டு. பை தானாகச் சுருங்காமல் இருக்கப் பின்பக்க உணர்ச்சி வேர்களை வெட்டுவார்கள், அதோடு ஆண்களுக்குத் தானாக வரும் விறைப்பும் போய்விடும். மேலே சொன்ன கணக்கெடுப்போடு இதை வைத்துப் பாருங்கள், ஏன் பலர் யோசித்தார்கள் என்று விளங்கும். இதெல்லாம் இல்லாமலே, 1972இல் அமெரிக்காவில் லாப்பிடிஸ் என்ற வைத்தியர் சொன்ன முறை இன்றைக்கும் நிற்கிறது: நாளுக்கு நாலைந்து தடவை சுத்தமான குழாயைத் தானே விட்டு எடுப்பது. சிறுநீரகத்தைக் காப்பாற்றியது அந்தக் குழாய்.

"கழுத்துக்குக் கீழ ஒண்டும் அசையேல்ல. ஒரு கோப்பை பிடிக்கிற அளவுக்காவது கை வருமோ?"

வந்திருக்கிறது, பிறகு போயும் இருக்கிறது. கிளீவ்லாந்தில் செய்த ஒரு கருவி தோள் அசைவைக் கொண்டு விரல்களை மடக்கி விரித்தது. 1997இல் அனுமதி கிடைத்து ஏறக்குறைய 250 பேருக்கு வைத்தார்கள். மூளையிலிருந்து நேராக எடுக்கும் ஒரு கருவியை 2004இல் வைத்தார்கள்: 4 மில்லிமீற்றர் சதுரத்தில் நூறு ஊசிகள், ஏறக்குறைய மிளகளவு. 2012இல் வெளியான சோதனையில், பேச்சும் அசைவும் போன ஒரு பெண் நினைப்பாலே இயந்திரக் கையை நகர்த்தி, போத்தலை வாய்க்குக் கொண்டுவந்து கோப்பி குடித்தார். ஏறக்குறைய 15 வருடத்தின் பின் யாரும் பருக்காமல் தானாகக் குடித்த முதல் கோப்பி.

வெட்டாமல் செய்வதும் உண்டு. கழுத்தின் பின்புறம் தோலில் ஒட்டி, பயிற்சியோடு சேர்த்துத் தூண்டும் கருவிக்கு 2024 டிசம்பரில் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. முண்ணாண் முழுதாக அறுபடாதவர்களுக்கு. எனக்கு மூளைச் சிப்பை விட இதில் நம்பிக்கை கூட, எங்கள் மாதிரி இடத்துக்கு முதலில் வரக்கூடியது இதுதான்.

"உள்ளுக்கு வச்சா எத்தனை வருஷம் நிக்கும்?"

கடற்கரையோரம் வீடு கட்டியவருக்கு விளக்கத் தேவையில்லை. டச்சு விரிகுடாவுக்குப் பக்கத்தில் நிறுத்திய சைக்கிளின் செயின் ஒரு மாரிக்குள் என்னவாகும்? உடம்பும் உப்புத் தண்ணீர்தான். கடலளவு உப்பு இல்லை, ஆனால் நாள் முழுக்க நனைந்தே இருக்கும், சூடும் உண்டு. ஆகவே மின்னணுப் பகுதியை ரைற்றேனியப் பெட்டியில் அடைக்கிறார்கள். கொக்கிளியர் பல பத்து வருடம் ஓடுகிறது. பற்றரி உள்ளவற்றுக்குச் சில வருடத்துக்கு ஒருமுறை பெட்டியை மாற்ற வேண்டும்.

மூளைக்குள் குத்தும் ஊசிகள்தான் பாடு. மூளை தயிர்க்கட்டி மாதிரி, ஊசி கடினம், மூச்சு விடும்போதெல்லாம் மூளை அசையும். உடம்பு ஊசியைச் சுற்றித் தழும்பு கட்டும், சத்தம் மங்கும். மெல்லிய வளையும் நூல்களைப் பாவித்தால் வேறு சிக்கல். நியூராலிங்க் என்ற அமெரிக்க நிறுவனம் 2024 ஜனவரியில் முதல் மனிதருக்கு வைத்த 64 நூல்களில் பெரும்பாலானவை சில வாரங்களில் பின்வாங்கிவிட்டன. மென்பொருளை மாற்றித்தான் வேலை செய்யவைத்தார்கள்.

"வச்ச கொம்பனி மூடிப்போட்டா?"

மூடியிருக்கிறார்கள். மேலே சொன்ன கிளீவ்லாந்துக் கைக்கருவியை விற்ற நிறுவனம் 2001இல் விற்பனையை நிறுத்தியது. அதைவிட மோசம் ஆர்கஸ் 2 என்ற கண் கருவி. விழித்திரையில் 60 மின்வாய்கள், அமெரிக்க அனுமதி 2013. செக்கண்ட் சைற் என்ற நிறுவனம் 350 பேருக்கு மேல் வைத்துவிட்டு, 2019இல் அதைக் கைவிட்டது. பழுதானால் உதிரிப்பாகம் இல்லை, கேட்க ஆளில்லை. கண்ணுக்குள் கம்பியோடு மனிதர்கள் மறுபடியும் இருட்டுக்குப் போனார்கள். தண்ணீர்ப் பம்பி வாங்கும்போதே பார்ட்ஸ் கிடைக்குமா என்று கேட்கிற நாங்கள், இதற்குக் கேட்கக் கூச்சப்படக் கூடாது.

"எனக்கு ஷெல் துண்டு உடம்புக்க கிடக்கு. அதோட இது வைக்கலாமோ?"

வெளிநாட்டுப் பக்கங்களில் காணாத கேள்வி, இங்கே மாதம் ஒருவராவது கேட்கிறார். கருவி வைக்க முன்னும் பின்னும் எம்ஆர்ஐ தேவைப்படும், அதன் காந்தம் மிகப் பலமானது. இரும்புத் துண்டாக இருந்தால் அசையலாம், சூடாகலாம். கண்ணுக்கோ முண்ணாணுக்கோ பக்கத்தில் இருந்தால் ஆபத்து. பல வருடத்துக்கு முன் பட்டது, ஆறிவிட்டது என்று சொல்லாமல் விடாதீர்கள். முதலில் எக்ஸ்ரே எடுத்து எங்கே கிடக்கிறது என்று பார்ப்பார்கள். துண்டு இருக்கிறது என்பதற்காக எல்லாருக்கும் கதவு சாத்தியாகாது, இடத்தையும் உலோகத்தையும் பொறுத்தது. கருவி வைத்த பிறகும் இதே கேள்வி வரும், எல்லாக் கருவியோடும் எல்லா எம்ஆர்ஐக்குள்ளும் போக முடியாது.

"சிப் வச்சா மனசில நினைக்கிறதெல்லாம் வாசிச்சுப் போடுவாங்களோ?"

இப்போதைக்கு, பெரும்பாலும் ஒருவர் பேச முயலும்போது வாய்த் தசைக்குப் போகும் கட்டளையைத்தான் பிடிக்கிறார்கள். 2023இல் ஸ்ரான்போர்ட்டில் பேச்சிழந்த ஒரு பெண்ணுக்கு நிமிடத்துக்கு 62 சொல் வந்தது, அதுவும் அவரே மணிக்கணக்காக இருந்து பழக்கிய பிறகு. பயம் வீண் என்று சொல்லமாட்டேன். சிலி நாடு 2021இல் மூளைத் தகவலைக் காக்கத் தன் அரசியலமைப்பையே திருத்தியது.

"இந்தியாவில காசு கட்டினாச் செய்வாங்களாமே?"

எதை என்பதைப் பொறுத்தது. நடுக்கவாதத்துக்கு மூளை ஆழத்தில் வைக்கும் கருவி, 1987இல் கிரெனோபிளில் பெனாபிட் தொடங்கிய முறை, இந்தியாவில் வழமையாகச் செய்கிறார்கள். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் ஒரு நல்ல இடம். ஆனால் லோசான் மாதிரி நடக்கவைப்பது கடையில் விற்கிற சரக்கு இல்லை, ஆய்வு. ஒழுங்கான ஆய்வு உங்களிடம் காசு வாங்காது. தம்பலகாமத்தில் ஒரு குடும்பம் வயலை ஈடுவைத்து எங்கோ போய் முதுகில் ஊசி போட்டு வந்தது. நரம்பு முளைக்கும் என்றார்களாம். ஈடு இன்னும் மீளவில்லை.

"அப்பிடி ஒரு ஆய்வு வந்தா எங்கட பிள்ளையை எடுப்பாங்களோ?"

எடுக்கிறவர்கள் கேட்கும் பட்டியலைப் பார்த்திருக்கிறேன். படுக்கைப் புண் இருக்கக்கூடாது. மூட்டு மடங்கி இறுகியிருக்கக்கூடாது. மூத்திரத் தொற்று இருக்கக்கூடாது. எலும்பு நொருங்கும் நிலைக்கு மெலிந்திருக்கக்கூடாது, பல வருடம் நிற்காத கால் நிற்கும்போதே முறியும். இதைக் கேட்ட மூதூர்ப் பொடியனுக்கு இருபத்திரண்டு வயது. மூட்டெல்லாம் நன்றாக விரிகிறது, அவனுடைய அம்மா ஒரு நாளும் தவறவிடவில்லை. புண் மட்டும் வலது குதிக்காலில் ஆறிய இடத்திலேயே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. போன கிழமை சக்கர நாற்காலியைக் கவிழ்த்துப் பார்த்தோம். கால்தட்டில் ஒரு ஆணி அரை அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது. பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி அவனே சுற்றிக் கட்டினான்.